எல்டன் கார்க்கம் வாய் திறக்காத மத்தியானம்

எல்டன் கார்க்கத்தின் முகம் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நிறையப் பேருக்குத் தெரியும், பெயர் தெரியாது. ‘சாஸ் ஆளு’ என்று சொன்னால் உடனே தெரியும்.

எங்கள் அலுவலகம் அக்ரிகோலா தெருவில், ரொட்டியில் இறைச்சியைச் சுருட்டி இனிப்பு சாஸ் ஊற்றித் தரும் ஒரு டொனேர் கடையின் மாடியில் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் கடைவாசல் வரிசை தெருமுனையில் திரும்பி மறைந்துவிடும். அந்த வரிசையில் எல்டன் நின்றார் என்றால் அவருக்கு முன்னால் நிற்பவர் என்ன சாப்பிடப்போகிறார் என்பது அங்கேயே தீர்மானமாகிவிடும். வெங்காயத்தைக் கூட்டு, தக்காளியைக் குறை, இனிப்பு சாஸ் பாதி போதும், முழுசாக விட்டால் முழங்கை வரை வழியும், போட்டிருப்பது நல்ல சட்டை, பார்த்துக்கொள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒருமுறை ஒரு டாக்ஸிக்காரர் திரும்பி நின்று, உன்னை இப்போது யார் கேட்டது என்றார். எல்டன் கோபித்துக்கொள்ளவில்லை.

“கேக்காட்டியும் பதில் பதில்தானே,” என்றார்.

டாக்ஸிக்காரர் பாதி சாஸ்தான் வாங்கிக்கொண்டு போனார். எரிச்சலோடு போனார்.

எல்டனுக்கு ஐம்பத்தாறு வயது. லூனன்பர்க் பக்கத்து ஆள். உயரம், வழுக்கை, கையில்லாத கம்பளி மேல்சட்டை, எப்போதும் அரை அடி முன்னால் நீட்டிய கழுத்து. அந்தக் கழுத்து அடுத்தவர் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தே அப்படி ஆனது என்று அவர் மனைவி நெட்டா சொல்வார். முன்பு கப்பல்தளக் கிடங்கில் ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தார். எந்த அதிகாரி எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு வலிக்காது என்று அவர்கள் அறைக்கே போய்ச் சொல்லிக்கொண்டிருந்ததால், அங்கே அவருக்கு மிக அன்பான பிரிவுபசார விழா ஒன்று கொஞ்சம் முன்கூட்டியே நடந்தது.

நெட்டாவோடு அவருக்கு நடந்த கல்யாணத்தைப் பற்றி மஹோன் பே பக்கத்தில் இன்றும் பேசுகிறார்கள். மண்டபம், கேக், பெண்தோழிகளின் உடுப்பு நிறம் எல்லாம் எல்டன் தேர்ந்தெடுத்தது. அதுவரை நெட்டா பொறுத்துக்கொண்டார். தேவாலயத்தில் பாதிரியார் மணப்பெண்ணைப் பார்த்து, இவரைக் கணவராக ஏற்கிறாயா என்று கேட்டபோது, பக்கத்தில் நின்ற எல்டன் “ஏத்துக்குவா” என்றார். பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கேள்வியை மறுபடி கேட்டார். நெட்டா இந்தமுறை நிதானமாக யோசித்தார். கையில் இருந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஆர்கன் வாசிக்கிறவர் பதற்றத்தில் ஏதோ தப்பான கட்டையை அழுத்திவிட்டார். கடைசியில்தான் சரி என்றார்.

அன்றிரவு நெட்டா சொன்ன ஒரு வாக்கியம் எல்டனுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது: “அந்த ஒரு கேள்வியையாவது என்கிட்ட கேக்க விட்டிருக்கலாம் நீ.”

அதனால்தானோ என்னவோ, எங்கள் நிறுவனத்தில் வேலையைப் பங்கு போட்டபோது எல்டன் கையைத் தூக்கிக் கேட்டு வாங்கியது ஒரு கேள்விப் பெட்டியை.

நாங்கள் மாகாணத்தின் பொது நூலகங்களில் இருக்கும் கணினிகளுக்கான மென்பொருள் செய்கிறோம். நூலகத்துக்கு வருகிறவர்கள் சட்டைப்பையிலிருந்து பென் டிரைவ் எடுத்துச் செருகுவார்கள். அதில் என்ன இருக்கும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. ஏதோ ஒரு கோப்பைத் தட்டுவார்கள். அதை எந்தச் செயலியைக் கொண்டு திறப்பது என்று கணினிக்குத் தெரியாதபோது திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி, ‘இதை எதில் திறக்கட்டும்?’ என்று கேட்கும். கீழே செயலிகளின் பட்டியல் இருக்கும். வேண்டியதைத் தொட்டால் திறந்துகொள்ளும். அவ்வளவுதான். வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டறியாத ஒரு மனிதர், கேட்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒரு பொருளைச் செய்ய உட்கார்ந்தார். வீட்டில் சொன்னபோது நெட்டா உருளைக்கிழங்கு உரிக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம்.

முதல் பெட்டி ‘இதை எதில் திறக்கட்டும்?’ என்று கேட்டது. அதற்குக் கீழேயே, ‘படக்காட்டியில் திறப்பதே நல்லது’ என்று பதிலும் சொன்னது. எங்கள் முதலாளி ஆர்டித் கோமோ அந்த வரியை எடுக்கச் சொன்னார். எல்டன் எடுத்துவிட்டு, படக்காட்டியை மட்டும் பச்சை நிறத்தில் வைத்து மற்றச் செயலிகளைச் சாம்பலாக்கினார். ஆர்டித் நிறத்தை எடுக்கச் சொன்னார். எல்டன் எடுத்துவிட்டு, வேறு எதையாவது தொட்டால் ‘நிச்சயமாகவா?’ என்று கேட்க வைத்தார். அதையும் எடுத்தபோது ‘ஏன்?’ என்று கேட்டுக் காரணம் எழுத மூன்று வரி இடம் விட்டிருந்தார்.

ஆர்டித் கிளேர் பக்கத்து ஆள், பிரெஞ்சு பேசும் அகேடியப் பெண்மணி. குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தாமலே கேட்கும். அவருக்கு இந்தப் பெட்டியே வேண்டாம் என்றுதான் எண்ணம்; எதில் திறப்பது என்று கணினியே முடிவு செய்யட்டும், மனிதர்களை ஏன் தொந்தரவு செய்வது என்பது அவர் கட்சி.

“நூலகத்துக்கு வர்றவன் பேரப்புள்ள போட்டோவைப் பாக்க வர்றான், எல்டன். பரீட்சை எழுத வரல,” என்றார்.

“அவனைக் கேக்காம நாமளே முடிவு பண்றது மரியாதையா, ஆர்டித்?” என்றார் எல்டன்.

அறையில் இருந்த எல்லோரும் தட்டச்சு செய்வதை நிறுத்தினார்கள். இந்த வாக்கியம் இந்த வாயிலிருந்தா வந்தது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். எல்டன் கண்ணில் நிஜமாகவே ஈரம். அந்தப் பெட்டி போய்விட்டால் அந்த மனிதரிடம் கேள்வி என்று ஒன்று மிஞ்சாது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஆகவே ஒரு பந்தயம் போலப் பேசி முடித்தார்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றைச் செய்து முடித்ததும், அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத நாலைந்து பேரைத் தெருவிலிருந்து கூட்டிவந்து, சாப்பாடு வாங்கித் தருகிறோம் என்று சொல்லிக் கணினி முன்னால் உட்கார வைப்போம். செய்தவர் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பேசக் கூடாது, கை காட்டக் கூடாது, பெருமூச்சு கூட விடக் கூடாது. வருகிறவர் தானாகச் செய்து முடித்தால் பொருள் நல்ல பொருள். ஐந்து பேரில் நாலு பேர் தாங்களாகவே கோப்பைத் திறந்துவிட்டால் பெட்டி இருக்கும். இல்லையென்றால் பெட்டி போகும். எல்டன் ஒரு சொல் பேசினாலும் அந்த ஆள் தோற்றதாகக் கணக்கு.

ஐந்து பேர் திறப்பதைப் பற்றி எங்களில் யாருக்கும் கவலையில்லை. எல்டன் வாயைப் பற்றித்தான் கவலை.

பரீட்சை நாளன்று ஆர்டித் வீட்டிலிருந்து ஓட்ஸ் கேக் செய்து கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், செங்கல் தரம். ஒன்றை எடுத்து எல்டனிடம் நீட்டினார்.

“பசிக்கல, ஆர்டித்.”

“திங்கறதுக்கு இல்ல. கவ்விக்கோ.”

ஆள் பிடிக்கும் வேலை எனக்கு. பத்திரிகையில் இருந்த காலத்தில் தேர்தல் கூட்டங்களில் செய்த வேலைதான். முகத்தைப் பார்த்து, அவசரமில்லாதவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே வரிசையில் போய் நின்று, பத்து நிமிடம் மாடிக்கு வந்தால் டொனேர் எங்கள் செலவு என்றேன். கை தூக்கியவர்கள் அதிகம்.

கோப்பு ஒரு படம். ஆர்டித்தின் அண்ணன் பண்ணையில் எடுத்தது. மழைக்கோட்டு போட்ட ஒரு ஆடு, தலையில் எதையோ கவிழ்த்துக்கொண்டு நிற்கும். தலையில் இருப்பது என்ன என்று சொல்ல வேண்டும். சொன்னால் தேர்ச்சி.

ஒவ்வொருவர் எழுந்து போனதும் அவர் தேர்ந்தெடுத்ததைக் கணினி தானே மறந்துவிடும்படி வைத்திருந்தோம். முதலில் வந்தவர் ஒரு தபால்காரர். கோப்பைத் தட்டினார், பெட்டி எழும்பியது, கேள்வியை உரக்கப் படித்தார், படக்காட்டியைத் தொட்டார். வடிகூடை என்றார். இரண்டாவது, குழந்தையை முதுகில் கட்டிய ஒரு பெண். குழந்தை எல்டனைப் பார்த்து வீறிட்டதைத் தவிர வேறு பிரச்சினை இல்லை. மூன்றாவது, ஒரு கல்லூரி மாணவி. இடது கையில் போனைப் பார்த்துக்கொண்டே வலது கையால் பெட்டியைத் தாண்டிப் போய் ஆட்டைத் திறந்துவிட்டாள். தேர்ச்சிதான். ஆனால் எல்டன் முகம் தொங்கிவிட்டது. அவ்வளவு பாடுபட்டு எழுதிய கேள்வியை அவள் பார்க்கக்கூட இல்லை.

நான்காவது, கூரை வேலை செய்கிற ஒரு பெரிய ஆள். கோப்பைத் தட்டினார். பெட்டி எழும்பியது. பட்டியலை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார். பாட்டு போடும் செயலியைத் தொட்டார்.

ஆட்டைப் பாட்டாக வாசித்தால் எப்படி இருக்கும் என்று இதுவரை நான் யோசித்ததில்லை. ஈரத் தகரத்தை ரம்பத்தால் அறுத்துக்கொண்டே யாரோ கொட்டாவி விடுவது போல இருந்தது. அந்த மனிதர் கைகளைக் கட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டார். பரவாயில்லை, தன் மச்சான் ஊதும் பேக்பைப் வாத்தியத்தை விட மோசமில்லை என்றார். பிறகு மறுபடி கோப்பைத் தட்டினார். இந்தமுறை பெட்டி எழும்பவே இல்லை. நேராகப் பாட்டு. மறுபடி தட்டினார். மறுபடி பாட்டு.

பெட்டியின் அடியில் ‘எப்போதும் இதிலேயே திறக்கவும்’ என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் போட்டிருந்தால் அடுத்தமுறை கேட்காது. டிக் போடாமல்தான் வைக்க வேண்டும் என்று ஆர்டித் பலமுறை சொல்லியிருந்தார். ஒருமுறை முடிவு செய்தவனை ஏன் இன்னொருமுறை கேட்க வேண்டும் என்று எல்டன் யாருக்கும் தெரியாமல் டிக்கைப் போட்டு வைத்திருந்தார். அந்த டிக்கின் தயவால், அவர் எழுந்து போகும் வரை அந்தக் கணினியில் எல்லா ஆடும் பாடும்.

எல்டன் தொண்டையிலிருந்து ஓட்ஸ் கேக்கைத் தாண்டி ஒரு முனகல் வந்தது. முனகல் பேச்சாகுமா என்று ஒரு சின்ன விவாதம் நடந்தது. தேவையே இல்லை, ஆள் எப்படியும் தோற்றுவிட்டார் என்று ஆர்டித் முடித்துவைத்தார். கூரைக்காரர் நன்றி சொல்லி டொனேர் வாங்கப் போனார். அந்தப் பாட்டை எங்கே வாங்கலாம் என்று படியில் என்னிடம் கேட்டார்.

இப்போது கணக்கு சுலபம். ஐந்தாவது ஆள் திறந்தாக வேண்டும்.

ஆர்டித் நாற்காலியைத் திருப்பி எல்டனைப் பார்த்தார். டிக்கை எடு என்றார். அடுத்த ஆளை நான் கூட்டிவருவதற்குள் எடுத்துவிடு. “டிக்கை மட்டும். வேற எதையும் தொடாத.”

எல்டன் ஓட்ஸ் கேக்கோடு தலையாட்டினார்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒன்றைச் சரிசெய்யக் கை வைத்தால், கையோடு பக்கத்தில் இருப்பதையும் சரிசெய்துவிடுவார்கள். எல்டன் டிக்கை எடுத்தார். அதோடு எழுந்திருந்தால் இந்தக் கதை இல்லை. பெட்டியின் தலைப்பில் அதன் பெயர் தெரியும்: ‘எல்கா-7’. தன் பெயரைச் சுருக்கி அவரே வைத்தது. கூரைக்காரர் அதைப் பார்த்து, இது வைரஸா என்று கேட்டிருந்தார். அன்பான ஒரு பெயராக இருந்தால் வருகிறவர்களுக்குப் பயம் தெளியுமே என்று எல்டனுக்குத் தோன்றியது. ஒரே ஒரு சொல். ‘எல்கா-7’ஐ அழித்துவிட்டு ‘நண்பன்’ என்று மாற்றினார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. தெரியாத கோப்புகளையெல்லாம் கணினி இந்தப் பெட்டியிடம் அனுப்ப வேண்டும் என்றால், ‘எந்தக் கோப்பையும் நான் வாங்கிக்கொள்வேன்’ என்று பெட்டி அறிவித்திருக்க வேண்டும். எந்தக் கோப்பையும் வாங்கிக்கொள்ளும் செயலி என்றால், பெட்டி தன் பட்டியலில் தன்னையே காட்டிவிடும். அது நடக்காமலிருக்க எல்டன் முன்பே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘எல்கா-7 என்ற பெயர் இருந்தால் பட்டியலில் காட்டாதே.’ இப்போது அந்தப் பெயரே இல்லை. வரி மட்டும் அப்பாவியாக எல்கா-7ஐத் தேடிக்கொண்டிருந்தது.

அதே நேரத்தில் நான் கீழே வரிசையிலிருந்து வெர்னா ஸ்லான்வைட்டைக் கூட்டிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தேன்.

வெர்னா டார்ட்மத் படகுத்துறையில் வேலை செய்கிறார். துறைமுகத்தைக் குறுக்கே கடக்கும் படகில் கயிறு கட்டுவதும் அவிழ்ப்பதும் அவர் வேலை. குள்ளம், அகலம், ஆரஞ்சு நிறக் கோட்டு. அறைக்குள் வந்ததும் எல்டனைப் பார்த்து நின்றுவிட்டார்.

“ஏ, இது சாஸ் ஆளுல்ல.”

எல்டன் ஓட்ஸ் கேக்கைக் கவ்வியபடி கும்பிடு போடாத குறையாகத் தலையசைத்தார்.

வெர்னா எங்கள் எல்லோருக்கும் பொதுவாக விஷயத்தைச் சொன்னார். போன குளிர்காலத்தில் இந்த மனிதர் பேச்சைக் கேட்டுப் பாதி சாஸ் வாங்கினாராம். படகில் போய்ப் பிரித்தால் வறட்டு ரொட்டி. டார்ட்மத் வரை மென்றாராம், திரும்ப ஹாலிஃபாக்ஸ் வரை மென்றாராம், விழுங்க முடியவில்லையாம். அன்றிலிருந்து இந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

“இப்ப வாயில என்ன வச்சிருக்கான்?”

“பேசக் கூடாதுன்னு,” என்றார் ஆர்டித்.

“நல்ல யோசனை, கண்ணு. தினமும் வைங்க.”

உட்கார்ந்தார். கோப்பைத் தட்டினார். பெட்டி எழும்பியது.

நான் ஓரத்தில் நின்று எல்டன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அவர் திரையைப் பார்த்தார். பிறகு முன்னால் நீண்டிருந்த கழுத்து இன்னும் நீண்டது. பிறகு முகத்திலிருந்த ரத்தம் எங்கேயோ போய்விட்டது. பட்டியலில் அதிகம் பயன்பட்டது மேலே வரும்படி எழுதியிருந்தார். அன்று காலையிலிருந்து எல்லாக் கோப்பும் பெட்டி வழியாகத்தான் போயிருக்கிறது. ஆகவே பட்டியலில் முதல் பெயர் ‘நண்பன்’. படக்காட்டி அதற்குக் கீழே.

வெர்னா முதல் பெயரைப் படித்தார். முகம் மலர்ந்தது. நண்பன் இருக்கும்போது மற்றவன் எதற்கு என்று சொல்லி அதைத் தொட்டார்.

இன்னொரு பெட்டி எழும்பியது. முதல் பெட்டிக்கு மேல், சற்று வலப்பக்கம் இறங்கி. ‘இதை எதில் திறக்கட்டும்?’

“அதான் சொன்னேனே, கண்ணு,” என்றார் வெர்னா பெட்டியிடம். மறுபடி ‘நண்பன்’.

மூன்றாவது பெட்டி. வெர்னா பொறுமையான மனுஷி. சிலருக்கு இரண்டுமுறை சொன்னால்தான் ஏறும், படகில் ஏறுகிற சுற்றுலாப் பயணிகளும் அப்படித்தான் என்றார். ‘நண்பன்’. நான்காவது பெட்டி. ஐந்தாவது. பெட்டிகள் திரையின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலையை நோக்கிப் படிக்கட்டு போல இறங்கின. ஒவ்வொரு படியும் அதே கேள்வியை அதே பணிவோடு கேட்டது.

ஆர்டித் இப்போது எல்டனைப் பார்த்தார். ‘டிக்கை மட்டும்’ என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார். எல்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

படிக்கட்டு திரையின் அடியை எட்டிவிட்டது. வெர்னா நாற்காலியில் சாய்ந்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. முழு உடம்பையும் திருப்பி எல்டனைப் பார்த்தார்.

“சரி கண்ணு, நீயே சொல்லு. எதைத் தொடணும்?”

எல்டன் கார்க்கத்தின் ஐம்பத்தாறு வருட வாழ்க்கையில், யோசித்துப் பார்த்தால், அவரிடம் ஒருவர் ஆலோசனை கேட்பது அதுதான் முதல் தடவை. கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறவரிடம் யார் எப்போது கேட்டிருக்க முடியும்? இப்போது கேட்டாயிற்று. கேட்டவருக்கு அவர் மேல் பழைய பகையும் இருக்கிறது. பதில் அவருக்குத் தெரியும். இரண்டாவது பெயர், ஒரு விரல் கீழே, அவ்வளவுதான். சொன்னால் பெட்டி போய்விடும்.

அவர் கை தானாக மேலே எழும்பியது. ஆர்டித் தொண்டையைச் செருமினார். எல்டன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். நெற்றி நரம்பு புடைத்தது. ஓட்ஸ் கேக் ‘கிறுக்’ என்று விரிசல் விட்டது. பொடி மேல்சட்டையில் கொட்டியது.

வெர்னா காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். கீழே கடையில் யாரோ முழு சாஸ் என்று கத்திச் சொல்வது கேட்டது. எல்டன் உடம்பு ஒருமுறை குலுங்கி அடங்கியது.

“பாருங்களேன்,” என்றார் வெர்னா எங்களிடம். “வேண்டாத அன்னிக்கு வாய் மூடல. வேணுங்கற அன்னிக்கு மூடிட்டான்.”

திரையின் பக்கம் திரும்பினார். கோட்டின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார். இது ஒன்றும் புதிதல்ல என்றார். படகு இந்தப் பக்கம் வரும், அந்தப் பக்கம் போகும், மறுபடி வரும். நாளெல்லாம் அதே கரை, அதே கயிறு. அதற்காக யாரும் தண்ணீரில் குதிப்பதில்லை. குழம்பினால் கட்டின கயிற்றைக் கடைசியிலிருந்து அவிழ்க்க வேண்டும். சொல்லிக்கொண்டே கடைசிப் பெட்டியை மூடினார். அதற்கு முந்தையதை மூடினார். ஒவ்வொன்றையும் மூடும்போது, போய் வா, போய் வா என்று வழியனுப்பினார். எல்டன் முகத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சுருக்கம் கூடியது. எல்லாவற்றையும் மூடிவிட்டு எழுந்துபோய்விடுவாரோ என்று அவருக்குப் பயம். எனக்கும்தான்.

முதல் பெட்டி மட்டும் மிஞ்சியபோது வெர்னா நிறுத்தினார். பட்டியலை மூக்கு உரசும் தூரத்தில் போய்ப் பார்த்தார்.

“இந்த நண்பன் யாரு மாதிரின்னு இப்பத்தான் புரியுது,” என்றார். பின்பக்கமாகக் கட்டைவிரலால் எல்டனைக் காட்டினார். “வேலையைக் குடுத்தா செய்ய மாட்டான். வாயை மட்டும் குடுப்பான். இவன் ஒதுங்கட்டும். அடுத்தவன் யாரு? படக்காட்டி. படம் காட்டுவான் போல.”

தொட்டார்.

ஆடு வந்தது. மஞ்சள் மழைக்கோட்டு, தலையில் வடிகூடை, வடிகூடையின் ஓட்டை வழியாக ஒரு காது.

“அய்யோ, தங்கம்,” என்றார் வெர்னா ஆட்டைப் பார்த்து. “உன் தலையில யாரு வடிகூடையைக் கவுத்தது?”

எல்லோரும் ஆர்டித்தைப் பார்த்தோம். ஆர்டித் ஆட்டைப் பார்த்தார். எல்டனைப் பார்த்தார். கைகள் தொடைக்கு அடியில், கண்ணில் நீர், மோவாயெல்லாம் ஓட்ஸ். பெயரை மாற்றியது விதிமீறல்தான். ஆனால் பந்தயம் பேசும்போது அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. பேச்சு, சைகை, பெருமூச்சு, மூன்றும்தான் தடை.

“நாலு பேர் திறந்துட்டாங்க,” என்றார் கடைசியில். “பெட்டி இருக்கட்டும்.”

பிறகு அந்தக் குரலை உயர்த்தாமல், நண்பன் தன் பட்டியலில் தானே ஏன் நிற்கிறான் என்று கேட்டார். எல்டன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். முடியவில்லை. ஓட்ஸ் கேக் உள்ளே ஊறிப்போய் மேலண்ணத்தோடு சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீர் கொடுத்தோம். இன்னும் இறுகியது.

வெர்னா கோட்டின் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார். கீழே போய் வாங்கப்போகிறேன், பாதி சாஸா முழு சாஸா, இப்போதாவது ஒழுங்காகச் சொல் என்றார்.

எல்டனிடம் இரண்டாவது தடவையாக ஒருவர் ஆலோசனை கேட்கிறார். அதுவும் ஒரே மத்தியானத்தில். இம்முறை சொல்லத் தடையே இல்லை. அவர் இரண்டு கைகளையும் காற்றில் வீசி, கன்னத்தைப் பிதுக்கி, ஏதோ நீளமாகச் சொன்னார். ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. சாஸ், சட்டை, முழங்கை, பருவநிலை எல்லாவற்றையும் பற்றி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வெர்னா மரியாதையாகக் கடைசி வரை கேட்டுக்கொண்டார்.

“சரி,” என்றார். “முழு சாஸ்.”

படியிறங்கிப் போனார். நெட்டாவுக்கு அன்று மாலை நாங்கள் போனில் நடந்ததையெல்லாம் சொன்னோம். நெட்டா உடனே, அந்த ஓட்ஸ் கேக் எப்படிச் செய்வது என்று ஆர்டித்திடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார்.

இப்போது மாகாணத்து நூலகங்களில் அந்தப் பெட்டி இருக்கிறது. நண்பன் தன் பட்டியலில் தான் நிற்பதில்லை. டிக் போட்டு வருவதில்லை. ‘இதை எதில் திறக்கட்டும்?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை சும்மா இருக்கிறது.

எல்டனால் இருக்க முடியவில்லை. பெட்டி வந்த முதல் வாரத்திலேயே பெரிய நூலகத்துக்குப் போய், கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் பின்னால் கழுத்தை நீட்டி நின்றிருக்கிறார். அவரையே அவர் நம்பவில்லை. ஓட்ஸ் கேக்கோடுதான் போயிருந்தார். ஆனால் நூலகத்துக்குள் தின்பண்டத்துக்கு அனுமதியில்லை. இது தின்பதற்கில்லை, கவ்விக்கொள்வதற்கு என்று அவர் விளக்கியிருக்கிறார். நூலகக் காப்பாளர் யோசித்துவிட்டு, ஒன்று கேக் வெளியே போக வேண்டும், இல்லை ஆள் வெளியே போக வேண்டும், எது என்று நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

கேக் இல்லாமல் உள்ளே நிற்பது ஆபத்து என்று எல்டனுக்கே தெரியும். ஆகவே சனிக்கிழமைகளில் ஸ்பிரிங் கார்டன் சாலைப் பக்கம் போனால் அவரைப் பார்க்கலாம். நூலகத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, மழையில், வாயில் ஓட்ஸ் கேக்கோடு நின்று, உள்ளே யாரோ ஒரு முதியவர் எதைத் தொடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். முதியவர் தப்பானதைத் தொடும்போது கண்ணாடியில் மூச்சுப் பட்டு ஒரு வட்டம் மங்கும். காப்பாளர் எழுந்து வந்து திரைச்சீலையை இறக்கிவிடுவார். எல்டன் அடுத்த கண்ணாடிக்கு நகர்வார்.